பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

ஏழு கடலுக்கு அப்பால் தேனிலவு கொண்டாடும் உனக்கு, பெட்டி ரிப்பேர் சாம்ராஜ்யத்தின் ஏக சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன், கடை முக்காலியில் வீற்றிருந்து எழுதிக்கொண்டது. உன் அப்பா இந்தப் பட்டத்தை ஒப்புக்கொள்வதில்லை. நாள் முழுக்கப் பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றுகிறவன் சக்கரவர்த்தி இல்லாமல் வேறு யாராம்?

நீ விமானம் ஏறிய பிறகு இங்கே நடந்த அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மாவின் கண்ணீரில் விமான நிலையமே வழுக்கியது. ஆறுதல் சொல்லப் போன நான் அவளைவிடச் சத்தமாக அழுததால், காவலாளி எனக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தார். உன் அப்பா அழவில்லை. "கார் வழியில நிக்குது, சீக்கிரம் அழுது முடிங்க" என்றார்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், தெரு முழுக்கக் கேட்கும். ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

இனி விஷயம். நான் வெளிநாடு போனதில்லை. ஆனால் உலகம் சுற்றிவிட்டுக் கால் ஒடிந்து வருகிற பெட்டிகள் எல்லாம் என் மேஜையில்தான் படுக்கின்றன. பெட்டிக்கு வைத்தியம் பார்க்கிற நேரத்தில் சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுத்து நான் சேர்த்து வைத்த அறிவு, நீ இருக்கும் ஊரின் மேயருக்கே கிடையாது. கேட்டுக்கொள்.

உங்கள் ஓட்டலுக்குப் பின்னால் மலை இருக்கிறது. கயிறு கட்டி இழுக்கும் ரயிலில் ஏற வேண்டும். உச்சியில் நின்றால் பக்கத்து நாட்டில் துணி காயப்போடுவது தெரியும் என்று ஒரு பல் டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். படுக்க வைத்த லிப்ட் மாதிரி ஒன்றைப் பார்த்தால் குழந்தையாகிவிடுவார். இன்னொரு நாள் படகில் தீவு. அங்கே ஒரு கலங்கரை விளக்கம். படியேறி முடிப்பதற்குள் ஒருவருக்குத் தாடி வளர்ந்துவிட்டதாம். உப்புச் சுரங்கத்துக்குப் போனால் சுவரை நக்கிப் பார்க்காமல் வெளியே வராதே. கடிகார அருங்காட்சியகத்தில் மணி பன்னிரண்டு ஆகும்போது காதைப் பொத்திக்கொள். ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவளுக்கே காது போனால் ஆஸ்பத்திரியில் சிரிப்பார்கள். ஏரியில் மிதி படகு உண்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மிதித்தால் நின்ற இடத்திலேயே சுற்றும், சண்டை வரும். அதுவும் தேவைதான்.

ஒன்று மட்டும் மனதில் வை. ஒரு நாளைக்கு ஓர் இடம். இரண்டைத் திணிப்பது, மூடாத பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பது மாதிரி. கடைசியில் என்னிடம்தான் வரும்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி


மார்ச் 6

மாமா,

கடிதம் வந்தது. ஓட்டல்காரர்கள் மேஜையில் வைத்திருக்கும் தாளில் எழுதுகிறேன். மேலே மலைப்படம் அச்சடித்திருக்கிறது. மலையை இதுவரை இந்தத் தாளில்தான் பார்த்திருக்கிறேன்.

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகு. ஒரு பெண் தினமும் வந்து போர்வை உதறுகிறாள். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கெட்டில், கட்டிலில் யாருக்கு எந்தப் பக்கம் என்று இன்னும் தீர்மானிக்காத இரண்டு பேர்.

அவர் மரியாதையானவர். அதிகம் பேசுவதில்லை. ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார். நானும் "சாப்பிட்டேன், நீங்க?" என்கிறேன்.

நேற்றுக் காலை, "பின்னாடி மலை ரயில் இருக்காம், போலாமா?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சைக்கிள் கேட்டபோது அப்பா பார்க்கலாம் என்றார். நாய்க்குட்டி, பள்ளிச் சுற்றுலா, மாடியில் தனி அறை, எல்லாவற்றுக்கும் பார்க்கலாம். இன்றுவரை எதையும் பார்க்கவில்லை. 'வேண்டாம்' என்பதைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தால் அதற்கு நம் வீட்டில் பெயர் 'பார்க்கலாம்'.

அதனால் மேலே கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கழற்றிவிட்டார். புது ஷூ, கடிக்கிறதோ என்னவோ.

இன்று தீவைப் பற்றிக் கேட்டேன். அதே பதில். நான் துணி மடித்தேன். அவர் தொப்பி வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். அறைக்குள் தொப்பி போடுகிற மனிதரை எங்கேயிருந்து பிடித்தீர்கள் மாமா?


மார்ச் 7

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த சுத்தியல் தானாக மேஜையில் இறங்கியது. மேஜை இரண்டாகப் பிளந்தது. பக்கத்துச் சாவிக்கடைக்காரர் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடினார்.

என் மருமகளிடமா பார்க்கலாம்? உன் அப்பாவிடம் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு உன் அம்மாவுக்குத் தலை நரைத்தது. நம் வீட்டு ஹாலில் இருக்கிற மின்விசிறி கிரீச்சென்று கத்த ஆரம்பித்தபோது நீ பிறக்கவே இல்லை. மாற்றலாமா என்றால் பார்க்கலாம் என்றார். இப்போது அது கத்தாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

சிந்தித்துப் பார்த்தேன். மலை வேண்டாம் என்கிறார், தீவு வேண்டாம் என்கிறார். உயரம் பயமோ என்றால் லிப்ட் மெக்கானிக்குக்கு அதுதான் தொழில். ஒருவேளை, லிப்டுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கும், மலைக்கு இல்லை என்று பார்க்கிறாரோ? ஆகவே தரையோடு தரையாக இருக்கும் இடங்களைச் சொல்கிறேன். ஊர் நடுவில் ஒரு பூங்கா. அங்கே இருக்கும் மரத்தைச் சுற்றி வர மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அதுவும் கஷ்டமென்றால் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போ. இறங்காதே. அதிலேயே திரும்பி வா. ஊர் முழுக்க ஜன்னல் வழியாக வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகும்.

பின்குறிப்பு: உன் அம்மா தினமும் "எங்க போனாங்களாம்?" என்று குடைகிறாள். சமாளித்துவிட்டேன். நீங்கள் தீவுக்குப் போனீர்கள். நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. மாப்பிள்ளை துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். பயணிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.


மார்ச் 9

மாமா,

துடுப்புக் கதையை அம்மா போனில் என்னிடமே சொன்னாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர் என்ன துடுப்பு என்பது போல நிமிர்ந்தார். போனோடு குளியலறைக்குள் போய்விட்டேன்.

உங்களைச் சிரிக்க வைக்க இதை எழுதவில்லை. கடிகாரம், பார்க்கலாம். பூங்கா, பார்க்கலாம். உப்புச் சுரங்கத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். இன்று காலை அவர் குளிக்கப் போனபோது, 'கொஞ்சம் வெளியே போய் வருகிறேன்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு நான் மட்டும் டிராம் ஏறினேன். நீங்கள் சொன்னபடி இறங்காமலே திரும்பினேன். ஊர் அழகாகத்தான் இருக்கிறது மாமா. பாலத்துக்கு அடியில் வாத்துகள் வரிசையாகப் போயின. ஒருவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். ஒவ்வொரு முறையும் "அங்க பாருங்க" என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் ஒரு அம்மாள் காய்கறிப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

திரும்பி வந்தபோது அவர் ஓட்டல் வாசலில் நின்றார். தோளில் பை. அதில் ரொட்டிப் பொட்டலமும் இரண்டு தண்ணீர் பாட்டிலும்.

"போயிட்டு வந்துட்டீங்களா?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

அவ்வளவுதான். மேலே வந்து ரொட்டியைச் சாப்பிட்டோம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வேன். சில பேர் கேட்காத சத்தத்துக்கும் அழுத்துவார்கள். எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதாம். இந்தக் கல்யாணத்துக்கு அவர் சம்மதம் சொன்னதும் அப்படித்தானா? அவருடைய அம்மாவும் அக்காவும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்களே என்று அழுத்திய பட்டனா?

இந்த வரனைக் கொண்டு வந்தது நீங்கள். "டூல் பேக் தைக்க வந்த பையன் என் தையல் மெஷினுக்கே எண்ணெய் போட்டுட்டுப் போனான், தங்கம்" என்று சொன்னது நீங்கள். அதனால் உங்களைத்தான் கேட்க முடியும். அவருக்கு விருப்பம் இருந்ததா, இல்லையா?

டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். சனிக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் பதில் எழுதுங்கள். தயவுசெய்து அளக்காமல் எழுதுங்கள்.


மார்ச் 10

அன்புள்ள மருமகளுக்கு,

அளக்காமல் எழுதச் சொன்னாய். இடது கையால் சாப்பிடச் சொன்ன மாதிரி இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் பட்டப்பகலில் கடையைப் பூட்டினேன். ஊரே திரண்டு வந்து ஏன் என்று கேட்டது. சரி, சாவிக்கடைக்காரர் மட்டும் கேட்டார். நேராகச் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். உன் கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று உட்கார்ந்து, மாப்பிள்ளை எப்படி, பேசுவாரா, எதற்குக் கோபம் வரும் என்று துருவினேன். அந்த அம்மாள் துணிக்கு இஸ்திரி போட்டபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. கிளம்பும்போது மரியாதைக்கு, "ஒரு நாள் எல்லாரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

ஓகோ, குடும்பத்துக்கே இந்த வியாதி என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் வாசலில் நாலு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கியது. சரி, ஒரு ஆட்டோ. சம்பந்தியம்மா, உன் நாத்தனார், அவள் கணவர், குழந்தை, கையில் பழக்கூடை. உன் அப்பா கிழிந்த பனியனோடு ஹாலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அடுக்களையில் இருந்தது கொஞ்சம் சோறும் பாதி வெள்ளரிக்காயும். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"எங்கக்கா கூப்பிட்டேன்? ஒரு நாள் வாங்கன்னேன். அந்தம்மா பார்க்கலாம்னாங்க. பார்க்கலாம்னா வரமாட்டாங்கன்னுதானே?"

கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா நின்றது எங்களுக்குத் தெரியாது.

"பார்க்கலாம்னா எப்படிங்க வரமாட்டோம்னு ஆகும்? வரலைன்னா வரலைன்னு சொல்லிட மாட்டோமா?"

உன் அம்மா வெள்ளரிக்காயை முந்தானையில் மறைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"இவங்கப்பாவும் லிப்ட் வேலைதானே பார்த்தார்" என்றார் சம்பந்தியம்மா. "லிப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னு போன் வரும். பார்க்கலாம்னு சொல்லி போனை வைக்கறப்பவே டூல் பேக் தோள்ல ஏறியிருக்கும். பார்க்கலாம்னு சொல்லிட்டு உக்காந்திருந்த ஆம்பளைய எங்க வீட்ல நான் பார்த்ததே இல்ல."

"எங்க வீட்ல பார்க்கலாம்னு சொல்லிட்டு எழுந்த ஆம்பளைய நான் பார்த்ததில்ல" என்றாள் உன் அம்மா.

ஹாலிலிருந்து உன் அப்பா, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று குரல் கொடுத்தார். சரியாக அப்போது பார்த்து மின்விசிறி கிரீச்சென்றது. குழந்தை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மண்டைக்குள் ஒரு ஷூ, ஒரு தொப்பி, ரொட்டிப் பொட்டலம் எல்லாம் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன.

உன் நாத்தனாரை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய், "தம்பி போன் பண்ணினானாம்மா?" என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தினம் பண்றான் மாமா. 'அவங்களாத்தான் போலாமான்னு கேக்கறாங்க. நான் ஷூ போட்டதும் உக்காந்துடறாங்க. என்கூட வெளிய வரப் பிடிக்கலையோ'ன்னு கேக்கறான். நேத்து அவங்க மட்டும் தனியாப் போனாங்களாம். 'குளிச்சிட்டு வர்ற வரைக்கும்கூட இருக்கலையே'ங்கறான். நான் என்ன பதில் சொல்றது?"

மருமகளே, இந்தப் பத்தியில் அளப்பு கிடையாது. அந்தப் பையன் ஒவ்வொரு நாளும் உன்னோடு கிளம்பியிருக்கிறான். நீதான் அவன் கிளம்பியதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்திருக்கிறாய். ஊரார் காதுக்கெல்லாம் மெஷின் வைக்கிறவளே, உன் காதில் உன் அப்பாவின் குரல் அடைத்துக்கொண்டிருக்கிறது. டிக்கெட்டைத் தொடாதே. நாளைக் காலை ஓர் இடத்தின் பெயரைச் சொல். அவர் வாயைத் திறந்ததும் வாசலைப் பார்த்து நட. மீதியை ஷூ பார்த்துக்கொள்ளும்.

சாப்பாடு என்ன ஆயிற்று என்று கேட்காதே. பழக்கூடையைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.


மார்ச் 12

மாமா,

நேற்றுக் காலை உணவுக்கூடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "மலை ரயில் போலாமா?" என்றேன்.

"பார்க்க…" என்று தொடங்கினார். '…லாம்' வருவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. பரிமாறுகிறவர் ஓடி வந்தார். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கால் செருப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ரொட்டியை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெண்ணெய் தடவிய ரொட்டி. கறை இன்னும் போகவில்லை.

உங்கள் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், பக்கத்து நாடு தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரே தெரியவில்லை. உச்சியில் அப்படிப் பனிமூட்டம். காட்சி பார்க்கும் மேடையில் நின்று ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் ஏறுகிற வழியெல்லாம் அவர் பேசினார் மாமா. இரண்டு பெட்டி, ஒரே கயிறு, கீழே இறங்குகிற பெட்டிதான் மேலே ஏறுகிற பெட்டியை இழுக்கிறது என்று கையை வைத்துக் காட்டினார். நடுவழியில் இரண்டும் விலகிப் போகிற இடம் வந்தபோது என் தோளைத் தட்டி, "இப்ப பாரு, இப்ப பாரு" என்றார். அதுவரை 'பாருங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் எதிர்ப் பெட்டியைப் பார்த்தேனா என்று நினைவில்லை.

மேலே இயந்திர அறையில் இருந்த பெரியவரிடம் சைகையிலேயே தன் தொழிலைச் சொன்னார். அவரும் சைகையிலேயே எங்களை உள்ளே விட்டார். ஒரு சக்கரம், நம் ஹால் அளவு. இரண்டு பேரும் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். சத்தம் என் கணக்குக்குக் காதுக்கு ஆகாத அளவு. நான் சொல்லவில்லை.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நசுங்கிய ரொட்டியைப் பாதிப் பாதி தின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, சைக்கிள், நாய்க்குட்டி. முதலில் புரியாமல் பார்த்தார்.

"அப்ப நான் தீவுக்குப் பார்க்கலாம்னு சொன்னது?"

"வேண்டாம்னு கேட்டுச்சு."

"சுரங்கத்துக்கு?"

"அதுவும்."

"தொப்பி வெச்சுக்கிட்டு நின்னேனே, அது என்னன்னு நினைச்சே?"

"தலையில ஏதோ பிரச்சனைன்னு நினைச்சேன்."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பனிக்குள் யாரோ பதிலுக்குச் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்ததும், இனி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று, சனிக்கிழமை டிக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த ரொட்டித் துணுக்கை ரொம்ப நேரம் உருட்டினார்.

"மாத்திட்டியா?"

"இல்ல. விசாரிச்சேன், அவ்வளவுதான்."

"மாத்தணும்."

அவர் துணுக்கைக் குருவிக்குப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமான்னு கேளு. ரூமுக்குள்ள உக்காந்து வீணாப் போன நாளையெல்லாம் நான் திருப்பி வாங்கணும்."

இன்று மாற்றிவிட்டோம். அவர் தன் மேலாளரிடமும் நான் ஆஸ்பத்திரியிலும் சொல்லியாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள் மாமா. கீழே நின்று கூப்பிடுகிறார், படகுக்கு நேரமாகிறதாம். எழுந்து ஓடுகிறேன்.


மார்ச் 13

அன்புள்ள மருமகளுக்கு,

படித்தேன். கடையில் ஆள் இருந்தபடியால் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். ஜிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் செய்தியைச் சொன்ன கதையைக் கேள். உன் அம்மா, உன் அப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், போனில் ஸ்பீக்கர் வழியாகச் சம்பந்தியம்மா, எல்லோரும் கூடிய சபை. வாழ்க்கையில் ஒரு தடவை அளக்காமல் பேசிப் பார்ப்போமே என்று எழுந்து நின்றேன்.

"ஒரு வாரம் கழிச்சு வர்றாங்க" என்றேன்.

"ஏன்?" என்றாள் உன் அம்மா.

"பேசி முடியலையாம்."

"யாரு யார்கிட்ட?"

"அவரு இவகிட்ட. இவ அவருகிட்ட."

உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய், எங்கிட்டயே கதை விடாதே. உண்மையைச் சொல்லு, என்ன ஆச்சு?"

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. உன் அப்பா, "இவன் எதையோ மறைக்கிறான்" என்றார். பக்கத்து வீட்டம்மாள் அழத் தயாரானாள். வேறு வழியில்லை. தீவிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு திமிங்கலம் துறைமுகத்தின் வாசலில் படுத்துவிட்டது, அது எழுந்து போகிற வரைக்கும் எந்தக் கப்பலும் நகராது, பார்க்க வந்த கூட்டத்தில் விமான ஓட்டிகளும் போய் நிற்பதால் விமானமும் இல்லை, திமிங்கலத்தை நகர்த்தக் கயிறு கட்டுவதற்கு அந்த நாட்டு அரசாங்கமே நம் மாப்பிள்ளையைத்தான் கூப்பிட்டிருக்கிறது என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்று உன் அம்மா நிம்மதியாகக் காபி கலக்கப் போனாள்.